சிறப்புப் பதிப்புக் கறுப்பு வெள்ளை இன்ஸ்டன்ட் ஃபிலிம்: வடசென்னை வெயிலில் வீணாக்காமல் எடுப்பது எப்படி?

எடுத்த உடனே கேமராவிலிருந்து படமாக வெளிவருவது இன்ஸ்டன்ட் ஃபிலிம். சிறப்புப் பதிப்பு என்ற பெயரில் விற்கும் அந்த ஃபிலிமில் பெரும்பாலும் மாறுவது படத்தைச் சுற்றியுள்ள பிரேம்தான். உள்ளே இருக்கும் ரசாயனம் சாதாரணப் பெட்டியில் வருவதேதான். கறுப்பு நிறத்துடன் மஞ்சள் போன்ற வேறொரு நிறம் சேர்ந்த 'டியோக்ரோம்' வகை மட்டும் இதற்கு விலக்கு. அதில் படத்தின் நிறமே மாறும். ஆக, நாம் கொடுக்கும் கூடுதல் பணம் பிரேமுக்கு. அந்தப் பிரேமுக்குப் பொருந்தாத காட்சியை எடுத்தால் பணமும் போயிற்று, படமும் போயிற்று. கடைக்காரர் சொல்லாத இன்னொரு செய்தி, இந்த ஃபிலிம் நம் ஊர் வெயிலுக்காகச் செய்யப்பட்டதல்ல. பிரேம், வெயில் இரண்டையும் சமாளித்தால் மீதி எல்லாம் எளிது.

கொஞ்சம் பின்னணி. எட்வின் லேண்ட் 1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் உடனடிப் புகைப்பட முறையைச் செய்துகாட்டினார். மறுஆண்டு நவம்பரில் பாஸ்டன் நகரக் கடை ஒன்றில் முதல் போலராய்டு கேமரா விற்பனைக்கு வந்தது. அப்போது கிடைத்த படங்கள் பழுப்பு நிறத்தில் இருந்தன. சரியான கறுப்பு வெள்ளை 1950இல்தான் வந்தது. 2008இல் போலராய்டு நிறுவனம் ஃபிலிம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களை 'இம்பாசிபிள் புராஜெக்ட்' என்ற சிறு குழு வாங்கியது. பழைய ரசாயனங்கள் கிடைக்காததால் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. 2010 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட முதல் ஃபிலிம் கறுப்பு வெள்ளைதான். வண்ணப் பிரேம்களும் சிறப்புப் பதிப்புகளும் இந்தக் குழுவின் காலத்தில் பெருகின. இசைக்கலைஞர் ஜாக் ஒயிட்டின் 'தேர்ட் மேன் ரெகார்ட்ஸ்' நிறுவனத்துக்காக அவர்கள் செய்த கறுப்பு-மஞ்சள் ஃபிலிம் அவற்றில் ஒன்று. அந்தக் குழுதான் 2017இல் 'போலராய்டு ஒரிஜினல்ஸ்' ஆகி, 2020இல் வெறும் 'போலராய்டு' ஆனது. போலராய்டுக்குப் போட்டியான ஃபியூஜிஃபிலிமின் இன்ஸ்டாக்ஸ் வரிசையில், மினி மோனோகுரோம் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் 2016இல் வந்தது.

1. பெட்டியும் கேமராவும் பொருந்துகிறதா?

ஃபிலிமின் அழகில் மயங்கி வாங்கிவிட்டு, பிறகு கேமராவில் நுழையவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. போலராய்டில் 600, ஐ-டைப், எஸ்எக்ஸ்-70, கோ என நான்கு வகைகள் முக்கியம். 600, எஸ்எக்ஸ்-70 ஃபிலிம் பேக்குகளுக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. பழைய கேமரா அந்த மின்சாரத்தில்தான் இயங்கும். ஐ-டைப் பேக்கில் பேட்டரி இல்லை. அதனால் 600 ஃபிலிமைப் புதிய ஐ-டைப் கேமராவில் போடலாம், ஐ-டைப் ஃபிலிமைப் பழைய 600 கேமராவில் போட்டால் கேமரா அசையாது. எஸ்எக்ஸ்-70 ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) 160தான், 600 வகைக்கு 640. இதை மாற்றிப் போட்டால் படம் வெளுத்துப்போகும் அல்லது இருண்டுபோகும். கோ மிகச் சிறியது, வேறு எதிலும் பொருந்தாது.

இன்ஸ்டாக்ஸில் மினி, ஸ்கொயர், வைட் என மூன்று அளவுகள். ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்ஸ்டாக்ஸில் விதவிதமான பிரேமுடன் வரும் பேக்குகள் பெரும்பாலும் வண்ண ஃபிலிம்கள். மோனோகுரோம் பேக் வெறும் வெள்ளைப் பிரேமுடன் வரும். பூப்போட்ட பிரேமுக்குள் கறுப்பு வெள்ளைப் படம் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: இன்ஸ்டாக்ஸ் மினி ஈவோ போன்ற, டிஜிட்டலாக எடுத்து ஃபிலிமில் அச்சிடும் கேமராவில் கறுப்பு வெள்ளை அமைப்பைத் தேர்ந்தெடுத்து, பிரேம் ஃபிலிமில் அச்சிடலாம். வண்ண ஃபிலிம் என்பதால் சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு சாயல் தட்டும். எனக்கு அது பிடிக்கும்; சுத்தமான கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

2. வாங்கும்போது தேதியைப் பாருங்கள்

இன்ஸ்டாக்ஸ் பெட்டியில் இருப்பது காலாவதித் தேதி. போலராய்டு பெட்டியின் அடியில் இருப்பது தயாரிப்புத் தேதி. அதிலிருந்து 12 மாதங்களுக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல், போன வருடத் தேதியைப் பார்த்துக் காலாவதி என்று நினைப்பவர்களும், அதே தேதியைக் காட்டிப் புதியது என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பர்மா பஜார், மூர் மார்க்கெட் பக்கம் பழைய 600 கேமரா கிடைத்தால் தாராளமாக வாங்கிப் பாருங்கள். கேமராவோடு சேர்த்து 'சீல் உடைக்காத' பழைய ஃபிலிம் கொடுத்தால் அதற்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். 2008க்கு முந்தைய பேக்கில் பேட்டரி செத்திருக்கும், ரசாயனம் காய்ந்திருக்கும்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் கொண்டுவருவதாக இருந்தால், பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சரக்குப் பெட்டிகளுக்கான எக்ஸ்-ரே ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். கைப்பைக்கான புதிய சி.டி. ஸ்கேனர்களும் நல்லதல்ல, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பது உத்தமம்.

சிறப்புப் பதிப்பை உடைக்காமல் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது ஈரமான ரசாயனம். வருடங்கள் போனால் பெட்டி மட்டும்தான் மிஞ்சும். படத்தை எடுத்துவிட்டுக் காலிப் பெட்டியைச் சேகரியுங்கள்.

3. வீட்டில் எங்கே வைப்பது?

குளிர்சாதனப் பெட்டியில், ஃப்ரீசருக்குக் கீழே. ஃப்ரீசரில் வைத்தால் ரசாயனப் பை உறைந்து கெட்டுவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, படுக்கை வசமாக, மேலே பாரம் ஏற்றாமல் வையுங்கள்.

எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதுதான் முக்கியம். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ காற்றில் எப்போதும் கடல் ஈரம் இருக்கிறது. குளிர்ந்த பேக்கை வெளியே எடுத்த உடனே உறையைக் கிழித்தால் ஃபிலிமின் மேல் நீர் பூக்கும். ஒரு மணி நேரமாவது உறையோடு வெளியே இருக்கட்டும். விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தால், எழுந்தவுடன் முதல் வேலையாகப் பேக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள்.

4. ரோலர்

கேமராவின் வாயில் இரண்டு உலோக உருளைகள் இருக்கும். படம் அவற்றின் நடுவே நசுங்கி வெளியேறும்போதுதான், பிரேமின் தடித்த அடிப்பகுதியில் இருக்கும் பை உடைந்து, ரசாயனக் குழம்பு படம் முழுவதும் பரவுகிறது. உருளையில் ஒரு துளி காய்ந்த குழம்போ, மணலோ, உப்புப் பொருக்கோ இருந்தால் போதும். ஒவ்வொரு படத்திலும் ஒரே இடைவெளியில் புள்ளி விழும். வண்ணப் படத்தில் அது கண்ணுக்குத் தப்பலாம். கறுப்பு வெள்ளையில் வானத்தின் நடுவே அம்மைத் தழும்பாகத் தெரியும்.

ஒவ்வொரு பேக் போடும் முன்பும் ஈரத்தைப் பிழிந்த மெல்லிய துணியால் உருளைகளைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள், காயவிடுங்கள். கடற்கரைக்குப் போய்வந்தால் மறக்கவே கூடாது. 600 கேமராவில் பேக் தொடும் செம்பு நிற மின்முனைகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கடல் காற்றில் அவை பச்சை பூக்கும்.

5. பேக்கைப் போடுவது

பேக்கை ஓரத்தில் பிடித்துச் செருகுங்கள். நடுவில் அழுத்தினால் பை உடையும். போலராய்டில் கதவை மூடியதும் மேலே இருக்கும் கறுப்பு அட்டை வெளியே வரும். சிறப்புப் பதிப்புகளில் இந்த அட்டையிலும் ஓவியம் அச்சிட்டிருப்பார்கள். எறியாதீர்கள், வெயிலில் படத்தை மூட இது உதவும். அதன் பிறகு பேக் முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது. போலராய்டில் 8 படங்கள், இன்ஸ்டாக்ஸில் 10. பழைய 600 கேமராவின் எண்காட்டி 10இலிருந்து இறங்குவதால், 2 என்று காட்டும்போதே பேக் காலியாகியிருக்கும். கேமரா கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

6. நேரமும் இடமும்

போலராய்டு ஃபிலிமுக்கு ஏற்ற வெப்பநிலை 13 முதல் 28 டிகிரி செல்சியஸ். இன்ஸ்டாக்ஸ் 5 முதல் 40 வரை தாங்கும். சென்னைக்காரர்களுக்கு இந்த இரண்டு எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மார்கழி, தை மாத விடியல்களை விட்டால் போலராய்டுக்கு இங்கே இயற்கையாகவே உகந்த நேரம் குறைவு. கோடையில் போலராய்டு எடுத்தே தீருவேன் என்றால் எட்டாவது படியில் சொல்லும் குளிர்ப்பை இல்லாமல் கிளம்பாதீர்கள். என்னைக் கேட்டால், ஏப்ரல், மே மாதங்களுக்கு இன்ஸ்டாக்ஸ் மோனோகுரோம், மழைக்குப் பின் போலராய்டு.

இன்ஸ்டன்ட் ஃபிலிம் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே தாங்கும் தூரம் மிகக் குறைவு. செல்பேசி எடுக்கும் காட்சியில் பாதி இதில் சுத்த வெள்ளையாகவோ சுத்தக் கறுப்பாகவோ போய்விடும். ஆகவே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. கிழக்குக் கடற்கரையில் காலைச் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காசிமேட்டிலோ திருவொற்றியூர் கடலோரப் பாறைகளிலோ ஒருவரை நிற்க வைத்துக் கடலைப் பின்னணியாக வைத்தால், காலையில் முகம் கரிக்கட்டை, பின்னால் வெறும் வெள்ளை. அதே ஆள், அதே பாறை, மாலை நான்கரைக்குப் பிறகு: வெளிச்சம் ஊரின் பக்கமிருந்து வந்து முகத்தில் நேராக விழும், கடல் சாம்பல் நிறத்தில் அடங்கி நிற்கும். ஆள் படத்துக்கு மாலை, நிழலுருவத்துக்குக் காலை.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். அங்கே நிறத்தை நம்பிப் படம் எடுக்கக் கூடாது. சிவந்த சங்கரா மீன் கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளையில் அது நனைந்த சிமென்ட் தரையோடு ஒன்றாகிவிடும். வாளை மீனைப் பாருங்கள். கத்தியைப் போல நீண்டு, வெள்ளி பூசியதாக மின்னும். நொறுக்கிய ஐஸின் மேல் நாலு வாளை கிடந்தால், ஐஸ் வெண்மை, மீன் வெள்ளி, தரை கறுப்பு என்று மூன்று தனித்தனி அடுக்குகள் கிடைக்கும். வவ்வால் மீனும் நெத்திலியும்கூட நன்றாக வரும். கிட்டே போகும்போது கேமராவின் குறைந்தபட்ச தூரத்தைக் கவனியுங்கள்: இன்ஸ்டாக்ஸ் மினிக்கு சுமார் 60 செ.மீ., பல பழைய 600 கேமராக்களுக்கு ஒரு மீட்டருக்கும் மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் வரிசையாக நிற்கும், ஏலக்கூடம் மந்தமாக இருக்கும். படகுகளின் முகப்பும் வலை பின்னுபவர்களும் வேண்டும் என்றால் அதுவே நல்ல காலம். வெயிலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும் என்பது வேறு விஷயம்.

நண்பகலில் மாட்டிக்கொண்டால் சவுகார்பேட்டைக்குள் நுழையுங்கள். மின்ட் தெருவை ஒட்டிய சந்துகளில் கட்டடங்கள் நெருங்கி நிற்பதால், சூரியன் உச்சியில் இருக்கும்போதும் ஒரு பக்கம் நிழல் கிடைக்கும். நிழலில் இருக்கும் ஆளையும் வெயிலில் இருக்கும் சுவரையும் ஒரே படத்தில் சேர்க்காதீர்கள். முழுவதும் நிழலாகவே எடுங்கள். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் சாய்ந்த வெளிச்சத்தில் திரண்டு தெரியும். துறைமுக வளாகம், மின்நிலையம் போன்ற காவல் உள்ள இடங்களில் அனுமதியில்லாமல் கேமராவைத் தூக்க வேண்டாம்.

கறுத்த மேனிக்கு ஒரு குறிப்பு. பின்னணி வெளுப்பாக இருந்தால் கேமராவின் கண் அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். வெளிச்சச் சீராக்கியை (படத்தை வெளுப்பாக்கவும் இருட்டாக்கவும் கேமராவில் உள்ள அமைப்பு) ஒரு படி கூட்டிவையுங்கள், அல்லது பின்னணியை இருண்டதாக மாற்றுங்கள். நீலப்பெயின்ட் அடித்த கதவு, படகின் பக்கவாட்டு, தார்பாய் எதுவானாலும் சரி. பிளாஷ் இரண்டு, இரண்டரை மீட்டருக்கு மேல் எட்டாது. தெருவின் அந்தப் பக்கம் நிற்பவருக்கு பிளாஷ் அடிப்பதில் பயனில்லை.

வானம் வெள்ளைத் தாளாகப் போவது எரிச்சலூட்டினால் லென்ஸின் முன் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் வைத்துப் பாருங்கள். நீல வானம் கொஞ்சம் கறுக்கும். போலராய்டு நவ்+ கேமராவோடு இவை சேர்ந்தே வருகின்றன. வேறு கேமராவில் கையால் பிடிப்பதாக இருந்தால் வெளிச்சம் அளக்கும் சிறு கண்ணையும் சேர்த்து மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் இருண்டுபோகும்.

7. பிரேமுக்குக் காட்சி

கறுப்புப் பிரேமில் இருண்ட காட்சியை எடுத்தால் படம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதற்கு வெளுத்த காட்சிகள் வேண்டும்: உப்பளம், வெள்ளைச் சுவர், வேட்டி, ஐஸ். வட்டப் பிரேம் நான்கு மூலைகளையும் தின்றுவிடும்; ஒற்றை முகத்துக்கோ கேரம் பலகைக்கோ அது பொருந்தும், தெருக் காட்சிக்குப் பொருந்தாது. சிவப்பு, மஞ்சள் போன்ற அழுத்தமான நிறப் பிரேமில் பார்ப்பவரின் கண் முதலில் பிரேமுக்குத்தான் போகும், அதனால் உள்ளே ஒரே ஒரு பொருள் பெரிதாக இருக்கட்டும். வியாசர்பாடி மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஓடும் கால்பந்தைச் சிவப்புப் பிரேமுக்குள் அடைத்தால் எறும்புக் கூட்டம்தான் தெரியும்; கோல் கம்பத்தில் சாய்ந்து நிற்கும் கோல்கீப்பரை எடுங்கள். கறுப்பு-மஞ்சள் டியோக்ரோமில் வெள்ளைப் பகுதிகள் எல்லாம் மஞ்சளாகும். முகங்களுக்கு எனக்கு அது பிடிப்பதில்லை, காமாலை கண்டவர்போல் தெரிகிறார்கள். இரவுக் கடை விளக்குகள், கம்பிக் கதவுகள், நிழல்கள் அதில் பிரமாதமாக வரும்.

ஒரே பேக்கில் பல நிறப் பிரேம்கள் கலந்து வரும் பதிப்புகளில் அடுத்து எந்த நிறம் வரும் என்று தெரியாது. அந்த வகையை நான் திட்டமிட்ட படங்களுக்கு வாங்குவதில்லை. பிறந்தநாள் வீடுகளுக்கு அது நல்ல வேடிக்கை.

8. படம் வெளியே வந்த அடுத்த விநாடி

உதறாதீர்கள். விசிறுவதால் படம் சீக்கிரம் தெரியாது. அடுக்குகள் பிரிந்து கறை விழலாம். போலராய்டு படம் வெளியே வந்த முதல் விநாடிகளில் வெளிச்சத்துக்கு மிகவும் அஞ்சும். கேமராவிலிருந்து விரியும் கறுப்புத் திரையின் கீழேயே சில விநாடிகள் இருக்கட்டும்; பிறகு கறுப்பு அட்டையால் மூடிய நிலையில் எடுத்து, முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். கறுப்பு வெள்ளை ஐந்து முதல் பத்து நிமிடங்களில் தெளியும். இன்ஸ்டாக்ஸ் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடும்.

இனி குளிர்ப்பை. மதிய உணவு கொண்டுபோகும் சிறிய வெப்பக்காப்புப் பை போதும். ஐஸ் பேக்கை ஒரு துண்டில் நன்றாகச் சுற்றி அடியில் வையுங்கள், மேலே ஓர் அட்டை, அதன் மேல் படம். ஐஸ் நேராகப் படத்தைத் தொட்டால் அந்த இடம் மட்டும் வெளிறும். வெப்பத்தில் தெளிந்த கறுப்பு வெள்ளைப் படம் பழுப்பேறி மங்கலாகும், அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் சாம்பல் பூத்துச் சத்தில்லாமல் இருக்கும். சட்டைப்பையில் வைப்பது குளிர்நாட்டு யோசனை. நம் ஊரில் அது படத்தை வேகவைப்பதற்குச் சமம். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மேல் உள்ள பையும், நிறுத்தி வைத்த காரும் அப்படித்தான்.

9. கொடுப்பதும் வைத்துக்கொள்வதும்

மீன் விற்கும் அக்காவிடமோ வலை பின்னும் பெரியவரிடமோ கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், படம் வெளியே வந்ததும் "தம்பி, எனக்கு ஒன்று கொடுங்கள்" என்பார்கள். நெகட்டிவ் கிடையாது, பிரதி எடுக்க முடியாது. அதனால் ஒருவரை எடுக்கும் முன்பே இரண்டு படங்களுக்குக் கணக்குப் போடுங்கள்: முதல் படம் அவருக்கு, இரண்டாவது உங்களுக்கு. முதல் படத்தை அவர் கையில் வாங்கிப் பார்த்த பிறகு முகம் இளகிவிடும் என்பதால், பெரும்பாலும் இரண்டாவதுதான் நல்ல படமாக அமையும்.

வெள்ளைப் பிரேமில் எழுத அழியாத மெல்லிய மார்க்கர் போதும். கறுப்புப் பிரேமுக்கு வெள்ளை அல்லது வெள்ளி நிற ஜெல் பேனா. பந்து முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் பதிவு படத்துக்குள் தெரியும்.

ஆல்பத்தில் உடனே அடைக்க வேண்டாம். உள்ளே ஈரம் காய சில வாரங்கள் ஆகும். காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் நிற்க வையுங்கள். லேமினேஷன் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். பிரேமைக் கத்தரித்துப் படத்தை மட்டும் எடுக்க நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் குழம்பு காரத்தன்மை உள்ளது, கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நிறம் நாளடைவில் மாறக்கூடும் என்பதால் படம் தெளிந்த ஓரிரு நாளில் ஸ்கேன் செய்துவிடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் நிழலான ஜன்னலோரம் படுக்க வைத்து, நேர் மேலிருந்து செல்பேசியில் எடுங்கள். பிரேமையும் சேர்த்து எடுங்கள், அதற்குத்தானே பணம் கொடுத்தோம்.

காலியான 600 பேக்கில் பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கும். வீட்டுக் குப்பையோடு போடாமல் பழைய பேட்டரிகளோடு சேர்த்து மின்னணுக் கழிவில் கொடுத்துவிடுங்கள்.